வெளிநாட்டுல இருந்துக்கினு ஊர் பேங்க் அக்கவுண்ட்ட எப்படி பாத்துக்கிறது?

தம்பிக்கு குடியாத்தம் பக்கம், சவுதியில தமாம்ல மூணு வருஷமா வேல. ஊர்ல இருந்தப்போ தொறந்த அதே சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட்டத்தான் இன்னிக்கு வரைக்கும் ஓட்டிக்கினு இருக்காரு, ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் நைனா கையில, ஊர் சிம் எப்பவோ கட் ஆகிப்போச்சு. இப்போ ரூம்ல கூட இருக்கறவரு ஒருத்தரு "என்ஆர்இன்னு வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குன்னு இருக்கற அக்கவுண்ட்டா மாத்தலன்னா கவர்மென்ட்டு பணத்த எடுத்துக்கும்"னு சொல்லி பயமுறுத்திட்டாரு, அது நெஜமா, பேசாம அக்கவுண்ட்ட மூடிடட்டுமா, அடுத்த மாசம் லீவுல வரேன்னு கேட்டிருக்காரு. நான் புரிஞ்சிக்கினது இதுல ரெண்டு கேள்வி இருக்குது. சட்டப்படி நான் தப்புல இருக்கேனாங்கறது ஒண்ணு. நான் அங்க இருக்கும்போது வீட்டு செலவும் என் சேமிப்பும் தடங்கல் இல்லாம நடக்க இன்னா பண்ணணுங்கறது இன்னொண்ணு. மொதல் கேள்விக்கு பதில் சின்னது. ரெண்டாவதுலதான் நம்ம ஜனங்க மாட்டிக்கிறாங்க, அதனால அத கொஞ்சம் நீட்டியே சொல்றேன். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பிராஞ்சுங்கள்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன் நான், பாதி சர்வீஸ் என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கான கவுண்ட்டர்லயே போச்சு, கல்ஃப்புக்கு போன தோல் கம்பெனி ஆளுங்கள்ல இருந்து லண்டன் போன நர்ஸ் பொண்ணுங்க வரைக்கும் பாத்தாச்சு.

சட்டம் இதான். அந்நியச் செலாவணிக்கு ஃபெமான்னு ஒரு சட்டம் இருக்குது, 1999ல போட்டது, 2000 ஜூன்ல இருந்து அமல்ல இருக்குது. அதுப்படி வேலைக்குன்னு நீங்க வெளிநாடு கெளம்பிட்டாலே நான்-ரெசிடென்ட்தான், அதாவது இந்தியாவுல குடியிருக்காதவரு, ஆறு மாசம் கழியணும்னு இல்ல. வேலைக்குன்னு போறவங்களுக்கு அந்த 182 நாள் கணக்கு இன்கம் டேக்ஸுக்குத்தான் பாக்கறது, அது வேற சட்டம், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. நான்-ரெசிடென்ட் ஆனதும் பேங்க்குக்கு சொல்லி அந்த சாதா அக்கவுண்ட்ட என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க ஊர் வருமானத்துக்கு வெக்கற அக்கவுண்ட்டா மாத்திக்கணும். கவனிங்க, என்ஆர்ஓ. சாதா அக்கவுண்ட்ட அப்படியே என்ஆர்இ ஆக்க முடியாது, என்ஆர்இ வேணும்னா அது தனியா புதுசா தொறக்கறது. மூடவும் வேணாம். இத்தனை நாள் மாத்தாம இருந்தது விதிமீறல்தான், அதுல சந்தேகமில்ல. புத்தகத்துல அபராதமும் இருக்குது, தொகைய கணக்கு போட முடிஞ்சா மூணு மடங்கு வரைக்கும், முடியலன்னா 2 லட்சம் வரைக்கும். ஆனா நடைமுறையில நான் பாத்தது, லேட்டா வந்தாலும் பேங்க்ல ஃபாரம் வாங்கி மாத்திக் குடுத்துட்டு அனுப்பிடுவாங்க. சம்பளக்காரன் ஒருத்தன் சாதா அக்கவுண்ட்ட மாத்தாம விட்டான்னு அதுக்காக மட்டும் அபராதம் கட்டினத என் சர்வீஸ்ல நான் பாக்கல. அதனால இனிமேலும் வராதுன்னு உத்தரவாதம் குடுக்க மாட்டேன், அதிகாரம் சட்டத்துல இருக்குது, நீங்களாவே போய் மாத்திக்கிறதுதான் நல்ல நிலைமை.

"கவர்மென்ட்டு எடுத்துக்கும்"னு உங்க ரூம்மேட் சொன்னது வேற ஒரு விஷயத்துல இருந்து கெளம்பின பேச்சுன்னு நெனைக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு மேல நீங்களா எதுவும் பண்ணாம விட்டா அக்கவுண்ட் இன்ஆபரேட்டிவ், அதாவது செயல்படாத கணக்கு ஆகிடும். பேங்க் போடற வட்டி, பேங்க் புடிக்கற சார்ஜ் இதெல்லாம் கணக்குல வராது, நீங்க பண்ணணும். 10 வருஷம் யாரும் தொடாத பணம் யாரும் கேக்காத டெபாசிட்டுக்குன்னு ரிசர்வ் பேங்க் வெச்சிருக்கற டிஇஏ ஃபண்டுக்கு போயிடும், அப்போ கூட அது உங்க பணம்தான், பேங்க் மூலமா எப்ப வேணா கேட்டு வாங்கலாம். உத்கம்னு 2023ல ஒரு போர்ட்டல் விட்டாங்க, பழைய மறந்துபோன அக்கவுண்ட் எந்த பேங்க்ல இருக்குதுன்னு அதுல தேடிப் பாக்கலாம். இன்ஆபரேட்டிவ் அக்கவுண்ட்ட திரும்ப உயிர்ப்பிக்க சார்ஜ் வாங்கக்கூடாது, மினிமம் பேலன்ஸ் இல்லன்னு அபராதமும் போடக்கூடாதுன்னு 2024 ஏப்ரல்ல இருந்து ரூல். உங்க நைனா மாசாமாசம் கார்டு போடறதால உங்க அக்கவுண்ட் அந்த நெலமைக்கு வராது, அந்த பயத்த விடுங்க.

இப்போ என்ஆர்இ, என்ஆர்ஓ ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு சுருக்கமா சொல்லிடறேன். நீங்க அங்க சம்பாதிச்சு பேங்க் வழியா அனுப்பற பணத்துக்கு என்ஆர்இ. அதுல வர்ற வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, பணத்த எப்ப வேணா திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கலாம், ஆனா இங்க கையில வாங்கற ரூபாய அதுல கட்ட முடியாது. ஊர்ல வர்ற வருமானத்துக்கு என்ஆர்ஓ, வீட்டு வாடகை, நெலம் வித்த காசு, பழைய கம்பெனி பிஎஃப் எல்லாம் அதுலதான் விழணும். என்ஆர்ஓ வட்டிக்கு மொத ரூபாயில இருந்தே டிடிஎஸ்னு பேங்க்கே வரிய புடிச்சிக்கும், 30 சதவீதமும் செஸ்ஸும் சேத்து 31.2. அதுல இருந்து வெளிநாட்டுக்கு எடுக்கணும்னா நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும் எடுக்கலாம், வரி கட்டின பேப்பரும் ஆடிட்டர் சர்டிபிகேட்டும் கேப்பாங்க, நம்ம மாதிரி ஆளுக்கு அந்த லிமிட் ஒரு பிரச்சனையே இல்ல. என்ஆர்இயில இருந்து என்ஆர்ஓவுக்கு சுளுவா மாத்தலாம், என்ஆர்ஓவுல இருந்து திரும்ப என்ஆர்இக்கு கொண்டு வரணும்னா அதே பேப்பர் வேலதான், அதனால என்ஆர்இயில சேர்ற பணத்த அவசரப்பட்டு என்ஆர்ஓவுக்கு தள்ளாதீங்க. என்ஆர்இ ஃபிக்சட் டெபாசிட் கொறஞ்சது ஒரு வருஷம், அதுக்குள்ள ஒடச்சா வட்டி ஒரு பைசா வராது, அவசரத்துக்கு வேணுங்கற காச அதுல போடாதீங்க.

டேக்ஸ்ல ஒரு தப்பான நெனப்பு நெறய பேருகிட்ட இருக்குது, "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையே"ன்னு. அந்த 12 லட்சம் ரிபேட்டுங்கற வரித் தள்ளுபடியால வர்றது, அது ரெசிடென்ட்டுக்குத்தான், என்ஆர்ஐக்கு கெடையாது. உங்களுக்கு புது ரெஜிம்ல, அதாவது புது வரி முறையில 2025-26 நிதியாண்டுல இருந்து 4 லட்சம் வரைக்கும் வரி இல்ல. அதுக்கு கீழதான் உங்க இந்திய வருமானம் இருக்குதுன்னா ரிட்டர்ன் போட்டு புடிச்ச டிடிஎஸ்ஸ திரும்ப வாங்கிக்கலாம், நெறய பேரு இத செய்யாம வருஷா வருஷம் விட்டுடறாங்க. சவுதியோட இந்தியாவுக்கு இருக்கற வரி ஒப்பந்தத்துல வட்டிக்கு 10 சதவீதம்தான், அத கேக்கணும்னா அங்க வரி ரெசிடென்ட்டுன்னு அந்த நாட்டு சர்டிபிகேட் வேணும், சின்ன தொகைக்கு அந்த அலைச்சல் தேவையான்னு நீங்களே பாத்துக்குங்க. என் பழக்கம் பேங்க் பக்கம், வரி கணக்கு போடறது ஆடிட்டர் வேல, மாத்தாம இருந்த மூணு வருஷத்து வட்டிய எப்படி காட்டணுங்கறத ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டி கேளுங்க. இத படிக்கிற அமெரிக்கா தம்பிங்களுக்கு ஒரு வார்த்த, உங்க எல்லா இந்திய அக்கவுண்ட்டும் சேத்து வருஷத்துல ஒரு நாள் 10,000 டாலர தாண்டினாலும் எஃப்பார்னு வெளிநாட்டு அக்கவுண்ட் விவரத்த அந்த நாட்டு கவர்மென்ட்டுக்கு போடணும், இங்க வரி இல்லாத என்ஆர்இ வட்டிக்கும் அங்க வரி உண்டு.

இனிமே நான் சொல்ல வந்ததுக்கு வரேன். கார்டும் பின்னும் நைனா கையில இருக்குதுன்னீங்களே, அதுதான் தம்பி எனக்கு மாத்தாம இருந்தத விட பெரிய கவலை. நம்ம பக்கம் பத்து வீட்டுல எட்டு வீட்டுல இப்படித்தான் நடக்குது, பையன் பேர்ல அக்கவுண்ட், அப்பா கையில கார்டு, பின் நம்பர் காலண்டர் பின்னாடி எழுதி இருக்கும். ஒருத்தரும் ஒருத்தர ஏமாத்தல, அது உண்மை. ஆனா பேங்க் கணக்குல பின் நம்பர் போட்டு எடுத்தா நீங்களே எடுத்த மாதிரி. நைனா ஏடிஎம்ல தடுமாறி நிக்கும்போது பக்கத்துல நிக்கறவன் உதவி பண்றேன்னு கார்ட மாத்தி குடுத்துட்டு போனா, பின் நம்பர நீங்களே வேற ஆளுக்கு குடுத்தீங்கன்னு ஆகி, பேங்க்குக்கு தெரிவிக்கிற வரைக்கும் ஆன நஷ்டம் முழுசும் உங்க தலையில. ரிசர்வ் பேங்க் 2017ல போட்ட ரூலே அப்படித்தான். நீங்க எதுவும் பண்ணாம வெளியாள் திருடினா மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லன்னு அதே ரூல்ல இருக்குது, பின் நம்பர நாமளே குடுத்துட்டா அந்த பாதுகாப்பு போயிடுது.

இத விட கஷ்டமானது ஒண்ணு இருக்குது, சொல்லவே மனசு வராது ஆனா சொல்லித்தான் ஆகணும். அங்க வேலையில இருக்கற ஆளுக்கு ஏதாவது ஆகிடுச்சுன்னா, அந்த நிமிஷத்துல இருந்து அந்த கார்ட யாரும் போடக்கூடாது. துக்கத்துல இருக்கற வீட்டுக்கு அது தெரியாது, பாடிய கொண்டு வர செலவுக்கே ஏடிஎம்ல எடுப்பாங்க, அப்புறம் மருமகளுக்கும் மாமனாருக்கும் பங்கு பிரச்சனை வரும்போது "செத்ததுக்கு அப்புறம் 3 லட்சம் எடுத்திருக்காங்க"ன்னு ஸ்டேட்மென்ட்ட தூக்கிக்கினு பிராஞ்சுக்கு வந்து நிப்பாங்க. ரெண்டு பக்கமும் நல்ல ஜனங்க, பேப்பர் சரியில்லாததால வந்த சண்ட. அப்படி எத்தன குடும்பம் என் டேபிள் முன்னாடி உக்காந்து அழுதுதுன்னு எனக்குத்தான் தெரியும். வீட்டு ஆளுக்கு பணம் எடுக்கற உரிமைய பின் நம்பர்ல குடுக்காதீங்க, பேப்பர்ல குடுங்க.

எப்படின்னா, மொதல்ல வீட்டு செலவையும் சேமிப்பையும் பிரிச்சிடுங்க. நைனா பேர்ல, முடிஞ்சா அம்மாவும் சேந்து, "ஐதர் ஆர் சர்வைவர்"னு, அதாவது ரெண்டு பேருல யாரு வேணா எடுக்கற மாதிரி ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கட்டும், கார்டு அவங்களுது, பின் அவங்களுது, ஃபோன் நம்பர் அவங்களுது. மாச செலவுக்கு உள்ளத தமாம்ல இருந்து நேரா அந்த அக்கவுண்ட்டுக்கே அனுப்புங்க. பெத்தவங்களுக்கு புள்ள குடுக்கறது உறவுக்காரர் குடுத்த கிஃப்ட், எவ்வளவு அனுப்பினாலும் அவங்களுக்கு அதுல வரி இல்ல, அத டெபாசிட் போட்டு வட்டி வந்தா அந்த வட்டிதான் அவங்க கணக்குல சேரும். மிச்சத்த உங்க என்ஆர்இக்கு அனுப்புங்க, அதுக்கு கார்டு உங்க கிட்டயே இருக்கட்டும்.

உங்க என்ஆர்இ, என்ஆர்ஓவுலயும் நைனா அவசரத்துக்கு எடுக்க முடியணும்னா ரெண்டு வழி. பேங்க்லயே மேண்டேட் ஃபாரம்னு உங்க சார்பா பணம் எடுக்க ஒருத்தருக்கு அனுமதி குடுக்கற காகிதம் இருக்குது, அதுல கையெழுத்து போட்டு அவர மேண்டேட் ஹோல்டரா வெக்கலாம், சில பேங்க்ல அவர் பேர்லயே தனி கார்டு கூட குடுப்பாங்க. இல்லன்னா பவர் பத்திரம். இந்த ரெண்டுலயும் அவரு உள்ளூர் செலவுக்கு எடுக்கலாம், உங்களுக்கே வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஆனா உங்க சார்பா வேற யாருக்கும் அந்த பணத்த கிஃப்ட்டா குடுக்கவோ புது அக்கவுண்ட் தொறக்கவோ முடியாது. ஜாயின்ட்டா சேக்கலாமேன்னு கேப்பீங்க. சேக்கலாம், நெருங்கின சொந்தம்னா "ஃபார்மர் ஆர் சர்வைவர்"னு, அதாவது மொத பேரு நீங்க, உங்களுக்கு அப்புறம்தான் அவருன்னு சேக்கலாம், ஆனா நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் அவரு பவர் ஏஜென்ட் மாதிரிதான் அத இயக்க முடியும். சாதா அக்கவுண்ட்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எடுக்கற மாதிரி இதுல கெடையாது. ஜாயின்ட் போட்டுட்டோம்னு நிம்மதியா இருந்துட்டு ஆத்திர அவசரத்துக்கு நைனா போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால ஜாயின்ட்டும் போடுங்க, மேண்டேட்டும் குடுங்க. கல்யாணம் ஆனதும் நாமினி பேர மறக்காம மாத்துங்க, 2025 நவம்பர்ல இருந்து நாலு பேரு வரைக்கும் நாமினி போடலாம், யாருக்கு எத்தன சதவீதம்னும் எழுதலாம்.

அடுத்தது சிம். பிரீபெய்டு சிம்ம 90 நாள் எதுக்கும் பயன்படுத்தலன்னா கம்பெனி கட் பண்ணலாம், 20 ரூபா பேலன்ஸ் இருந்தா அத புடிச்சிக்கினு இன்னும் 30 நாள் நீட்டிப்பாங்க, அவ்ளோதான். அப்புறம் அந்த நம்பர் வேற ஆளுக்கு போகும், உங்க பேங்க் மெசேஜ் எல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தருக்கு போய்க்கினு இருக்கும். எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துல அப்பாவ நெஞ்சுவலின்னு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க, பையன் அக்கவுண்ட்ல காசு இருக்குது, ஆனா ஓடிபி வர்ற சிம் செத்து வருஷம் ஆகுது, கடைசியில சொந்தக்காரங்க நகைய அடகு வெச்சு கட்டினாங்க. உங்களுதும் போயிடுச்சுன்னு சொல்றீங்க, அப்போ லீவுல வந்ததும் மொதல்ல அந்த நம்பர் இன்னும் உங்க பேர்ல கெடைக்குதான்னு சிம் கம்பெனி கடையில கேளுங்க, கெடைக்கலன்னா புது நம்பர் வாங்கி பேங்க், ஆதார், பான் மூணுலயும் மாத்துங்க. கெளம்பறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் பண்ணிடுங்க, கொறஞ்ச ரீசார்ஜ்ஜ நைனாவ ஊர்ல இருந்தே போட சொல்லுங்க. என்ஆர்இ, என்ஆர்ஓ ஆனதுக்கு அப்புறம் சவுதி நம்பரையே பேங்க்ல பதியலாம். வெளிநாட்டு நம்பர்ல யுபிஐ வெக்க 2023ல 10 நாட்டுக்கு அனுமதி குடுத்தாங்க, அதுல சவுதி, யுஏஇ, கத்தார், ஓமன், சிங்கப்பூர் எல்லாம் இருக்குது, உங்க பேங்க்கும் ஆப்பும் அத சப்போர்ட் பண்ணுதான்னு மட்டும் கேட்டுக்குங்க. ஆதார் ஓடிபிக்காக ஊர் சிம்ம மட்டும் சாக விடாதீங்க.

நீங்க கேக்கல ஆனா சொல்லாம விட மனசில்ல, உண்டியல், அதாவது பேங்க் இல்லாம ஏஜென்ட்டு வழியா பணம் அனுப்பற ஹவாலா. ரேட்டு ரெண்டு ரூபா கூட வருது, வீட்டுக்கே கொண்டு வந்து தராங்கன்னு நெறய பேரு அதுல அனுப்பறாங்க. அது சட்டவிரோதங்கறது எல்லாருக்கும் தெரியும், தெரியாத ஆபத்து வேற ஒண்ணு இருக்குது. இப்போல்லாம் உண்டியல்காரன் கையில காசா தராம முகம் தெரியாத யாரோ அக்கவுண்ட்ல இருந்து உங்க வீட்டு அக்கவுண்ட்டுக்கு போட்டு விடறான். அந்த பணம் எங்கயோ வடநாட்டுல ஆன்லைன் மோசடியில ஏமாந்தவரு பணமா இருக்கலாம், அவரு சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் குடுத்தா, பணம் போன வழியெல்லாம் பாத்து உங்க நைனா அக்கவுண்ட்டயும் ஃப்ரீஸ் பண்ணிடுவாங்க. பிராஞ்ச் மேனேஜர் ஒண்ணும் பண்ண முடியாது, பொதுவா எந்த ஊரு சைபர் போலீஸ் போட்டாங்களோ அவங்க லெட்டரோ கோர்ட்டு உத்தரவோ வேணும். வயசான மனுஷன் ராஜஸ்தான் போலீஸுக்கு இந்தியில எப்படி பேசுவாரு? அதுவுமில்லாம நாளைக்கு வீட்டு லோனுக்கு போனா இந்த பணம் எங்க இருந்து வந்ததுன்னு காட்ட உங்ககிட்ட ஒரு காகிதமும் இருக்காது. பேங்க் வழியாவோ லைசென்ஸ் வாங்கின எக்ஸ்சேஞ்ச் வழியாவோ அனுப்புங்க, ரசீத போட்டோ எடுத்து வெச்சிக்குங்க.

மத்ததெல்லாம் சட்டுனு சொல்லிடறேன். போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு திட்டம் எதுலயும் என்ஆர்ஐ புதுசா சேர முடியாது, போறதுக்கு முன்னாடியே பிபிஎஃப்னு நீண்டகால சேமிப்பு கணக்கு இருந்தா 15 வருஷம் முடியற வரைக்கும் கட்டலாம், நீட்டிக்க முடியாது. பதிவு பண்ணின சீட்டு கம்பெனியில 2015ல இருந்து என்ஆர்ஐயும் சேரலாம், பேங்க் வழியா கட்டணும், சீட்டு பணத்த வெளிநாட்டுக்கு எடுத்துக்கினு போக முடியாது. விவசாய நெலமோ தோப்போ உங்க பேர்ல வாங்க முடியாது, பரம்பரையா வந்தா வெச்சிக்கலாம். வீடு, மனை வாங்கலாம். நைனா பேர்ல நெலம் வாங்கினா அது அவரு நெலம், கூடப் பொறந்தவங்களுக்கும் நாளைக்கு அதுல பங்கு வரும், அத தெரிஞ்சே வாங்குங்க.

லீவுல வந்ததும் மொத வாரத்துலயே பிராஞ்சுக்கு போயிடுங்க, கடைசி வாரத்துக்கு வெக்காதீங்க, ஏன்னா ஒரு பேப்பர் கொறஞ்சாலும் பத்து நாள் இழுக்கும். பாஸ்போர்ட், இகாமா (சவுதியில தங்கறதுக்கான அட்டை), அங்க இருக்கற அட்ரஸுக்கு ஏதாவது ஆதாரம், பான் கார்டு, போட்டோ, எல்லாத்துலயும் ரெண்டு செட் ஜெராக்ஸ். நீங்களே நேர்ல ஒரிஜினல காட்டினா எம்பசி அட்டெஸ்டேஷன் தேவைப்படாது, அங்க இருந்து தபால்ல அனுப்பினாத்தான் அந்த வேல. நைனாவையும் கூட்டிக்கினு போங்க, மேண்டேட் ஃபாரத்துல அவரு கையெழுத்தும் போட்டோவும் வேணும். என்ஆர்ஓவா மாத்தினா அக்கவுண்ட் நம்பர் அதேதான் இருக்குமா மாறுமான்னு கவுண்ட்டர்லயே கேளுங்க, பேங்க்குக்கு பேங்க் வேற மாதிரி. மாறினா எல்ஐசி, லோன் இஎம்ஐ, கேஸ் மானியம் எதெல்லாம் பழைய நம்பர்ல ஓடுதோ அத்தனையும் மாத்தணும், பழைய செக் புக்க திருப்பி குடுத்துடணும். என்ஆர்இ ஃபாரத்தையும் அதே நாள்ல குடுத்துடுங்க. காலண்டர் பின்னாடி இருக்கற பின் நம்பர அழிச்சிட்டு, அம்மா நைனா பேர்ல தொறக்கற புது அக்கவுண்ட்டுக்கு வர்ற கார்டுல பின் போட அவங்களையே பழக்கிட்டு கெளம்புங்க. பேங்க்ல எந்த ஃபாரமாவது புரியலன்னா இங்கயே கேளுங்க, அக்கவுண்ட் நம்பர், பான் நம்பர் எதையும் இங்க போடாதீங்க.